கொஸ்பிளே படம் எடுக்க விழாக்களுக்குப் போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் 2015இல் தொடங்கிய லங்கா கொமிக் கொன் போன்ற இரசிகர் விழாக்களுக்கு எங்கள் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். சிலர் வேடம் போடுகிறார்கள். சிலர் வேடம் போட்டவர்களைப் படம் எடுக்க கமராவோடு போகிறார்கள். கமராக்காரர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். லைட், லென்ஸ் பற்றிய கேள்விகளைவிட அனுமதி பற்றிய கேள்விகளுக்குப் பதில் நீளமாக இருக்கும், ஏனென்றால் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

அக்கா, முதல்ல இந்தக் கொஸ்பிளே எண்டா என்ன? பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டி மாதிரியா?

கொஞ்சம் மாதிரி, ஆனால் உழைப்பு வேறு. அனிமே, கொமிக், கேம், சினிமா என்று எதிலோ தனக்கு உயிராகிப்போன ஒரு பாத்திரத்தை ஒருவர் தெரிந்தெடுக்கிறார். அதன் உடுப்பு, முடி, ஆயுதம், நிற்கும் விதம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் இருந்து செய்கிறார். இந்தப் பழக்கம் இன்று தொடங்கியதல்ல. 1939இல் நியூயோர்க்கில் நடந்த முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபொரஸ்ட் அக்கர்மன், மேர்ட்டில் டக்ளஸ் என்ற இருவர் எதிர்காலத்து உடையில் போனார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் மேர்ட்டில் டக்ளஸ். அவருடைய பெயரைப் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு இன்றும் கவலை.

ஊரில் பெரியவர்கள் கேட்டால் வடமோடிக் கூத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவேன். கரப்புடுப்பும் முடியும் தரித்து வட்டக்களரிக்குள் வருகிற அருச்சுனனை யாரும் போய்த் தோளில் தட்டுவதில்லை, உடுப்பை இழுத்துப் பார்ப்பதில்லை. அவர் நேற்றுவரை பக்கத்து வளவில் மாடு கட்டியவராக இருந்தாலும், அந்த நேரத்தில் அவர் அருச்சுனன்தான். கொஸ்பிளேயருக்கும் அதே மரியாதை வேண்டும்.

நான் வேடம் போடமாட்டன். கமராவோட மட்டும் போனா உள்ளுக்க விடுவாங்களா?

விடுவார்கள். மற்றவர்களைப் போல டிக்கட் எடுத்துக்கொண்டு போகலாம். கையில் கமரா இருப்பதால் மட்டும் நீங்கள் ஊடகக்காரர் ஆகிவிடமாட்டீர்கள். மேடைக்கு முன்னால் நிற்க, பெரிய லைட் ஸ்டாண்ட் வைக்கத் தனி அனுமதி கேட்பார்கள். ட்ரைபொட் விரித்தால் சனம் தடுக்கி விழும் என்பதால் பல விழாக்களில் அதையும் விரும்பமாட்டார்கள். விழாவின் விதிகளை டிக்கட் எடுக்க முதலே வாசியுங்கள். கொழும்புக்குப் போய் வாசலில் நின்று வாதாடுவதில் பயனில்லை.

போன்ல எடுத்தா போதாதா? கமரா வாங்கித்தான் ஆகணுமா?

தொடங்கப் போன் போதும். ஆனால் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலமானது. முகத்துக்குக் கிட்டப் போனால் மூக்கு பெருத்து, காது ஒதுங்கிப் போகும். இரண்டு மடங்கு சூம் உள்ள லென்ஸ் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு பின்னால் தள்ளி நில்லுங்கள். அடுத்தது, போர்ட்ரெய்ட் மோட். விக்கின் நுனிமுடியையும் வாளின் முனையையும் அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். கொஸ்பிளேயர் மூன்று கிழமை இருந்து செதுக்கிய வாளின் முனை காணாமல் போனால் அந்தப் படம் அவருக்கு எதற்கு? அந்த மோடை அணைத்துவிட்டு, பின்னணி தூரமாக இருக்கிற இடத்துக்கு ஆளைக் கூப்பிடுங்கள். மூன்றாவது, லென்ஸைத் துடையுங்கள். ரயிலில் வடை சாப்பிட்ட கையால் தொட்ட லென்ஸில் எல்லா லைட்டும் பனிமூட்டம்போல விரியும்.

கமரா வாங்குவதென்றால், பாவித்த கமரா பொடி (லென்ஸ் இல்லாத கமரா உடல்) ஒன்றும் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸும் போதும். எஃப் இலக்கம் குறையக் குறைய வெளிச்சம் கூட வரும், தெளிவாக விழும் ஆழம் குறையும். பெட்டியோடு வரும் சூம் லென்ஸ் பகல் வெளிச்சத்தில் நல்லது, விழா ஹோலுக்குள் திணறும்.

மட்டக்களப்பில இருந்து போக ரயிலா பஸ்ஸா நல்லம்? நான் கல்முனை, எனக்கு எது?

வேடச் சாமான் கூடப் போகிறது என்றால் ரயில். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரமும் ஈவிஏ போமில் (இலேசான நுரைத் தகட்டில்) செய்த மார்புக் கவசத்தை பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் வைத்தால், மேலே வந்து விழும் சூட்கேஸ்களில் நசுங்கும், சூட்டில் பசை இளகும். ரயிலில் கண்முன்னே வைத்துக்கொள்ளலாம். பகலில் உதயதேவி இருக்கிறது, இரவு ரயிலும் உண்டு. ஆனால் நேர அட்டவணை அடிக்கடி மாறுகிறது, காலோயாப் பக்கம் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கிற பகுதியில் ரயில் மெதுவாகத்தான் போகும், போகவும் வேண்டும். விழா நாள் காலையில் போய் இறங்குகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள், முதல் நாளே போய்ச் சேருங்கள்.

அம்பாறை மாவட்டத்துக்குள் ரயில் பாதை இல்லை. கல்முனைக்காரர் சுமார் 40 கிலோமீற்றர் மட்டக்களப்புக்கு வந்து ரயில் ஏறலாம், இல்லையென்றால் அக்கரைப்பற்று, கல்முனையிலிருந்து இரவில் ஓடும் கொழும்பு பஸ். பஸ்தான் என்றால் கவசத்தை உள்ளே துணி அடைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, மடியில் அல்லது தலைக்கு மேல் தட்டில் வையுங்கள்.

திரும்பி வரும்போது மெமரி கார்டைக் கமராவில் விடாமல் கழற்றி உடம்போடு வைத்திருங்கள். கமரா தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். அன்றைய படங்களை எங்கே போய் வாங்குவது?

வேடத்தைப் போட்டுக்கொண்டே பஸ்ஸில ஏறலாமா? வாள், துவக்கு எல்லாம் கொண்டு போகலாமா?

போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். ஜப்பானில் 1975இலிருந்து நடக்கிற கொமிக் மார்க்கெட் விழாவிலேயே வீட்டிலிருந்து வேடத்தோடு வர விடுவதில்லை. அங்கே உடை மாற்ற இடம் தருகிறார்கள், வேடத்தோடு நிற்கவும் படம் எடுக்கவும் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்களும் அதையே பின்பற்றலாம்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போர் நடந்த மண் இது. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலை மட்டக்களப்பில் யாரும் மறக்கவில்லை. முகத்தை முழுக்க மூடி, முதுகில் பெரிய பை போட்டு ஒருவர் பஸ் நிலையத்தில் நின்றால் சனத்துக்கு நெஞ்சு பதறும், அது அவர்களுடைய பிழை இல்லை. பொம்மைத் துவக்கு, இராணுவ உடுப்பு மாதிரித் துணி இரண்டையும் வெளியே தெரியக் கொண்டுபோகவே வேண்டாம். துவக்கு அவசியம் என்றால் துண்டு துண்டாகக் கழற்றும்படி செய்து, பொம்மை என்று பார்த்த உடனே தெரியும் நிறத்தில் முனையை வைத்து, பெட்டிக்குள் போடுங்கள். பொலிஸ் கேட்டால் திறந்து காட்டி, விழா டிக்கட்டையும் காட்டுங்கள். படம் எடுக்கிறவராக நீங்களும் இதைக் கூட வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'பஸ்ஸுக்குள்ள ஒரு போட்டோ' என்று ஆசை காட்டுவது பெரும்பாலும் கமராக்காரர்தான்.

தெரியாத ஆளிட்ட போய் எப்பிடிப் படம் கேட்கிறது? எனக்கு வெட்கமா இருக்கு. சிங்களமும் வராது.

கமராவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாலே பாதி கேட்டாயிற்று. சிங்களத்தில் 'போட்டோ எகக் கன்ன புளுவன்த?' என்றால் 'படம் ஒன்று எடுக்கலாமா?' அவ்வளவும் போதும். முடிந்ததும் 'ஸ்துதி'. இந்த இரண்டும் தெரிந்தால் நாள் முழுக்கச் சமாளிக்கலாம்.

வெட்கத்துக்கு மருந்து, வேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது. 'இந்தத் தோள் கவசம் நீங்களே செய்ததா?' என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். 'நீங்க வடிவா இருக்கிறீங்க' என்பதைவிட 'நீங்க செய்தது வடிவா இருக்கு' என்பது பாதுகாப்பானது, உண்மையான மரியாதையும் அதுதான். பாத்திரம் யாரென்று தெரியாவிட்டால் கேட்டுவிடுங்கள், அந்தப் பாத்திரம் எப்படி நிற்கும் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். சாப்பிடும்போது, கழிப்பறை வரிசையில், விக் கழற்றி வைத்து வேர்வை துடைக்கும்போது போய்க் கேட்காதீர்கள். வேண்டாம் என்றால் 'சரி' என்று சொல்லி அடுத்த பக்கம் போங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

கேட்காம தூரத்தில நிண்டு சூம் பண்ணி எடுத்தா இயல்பா வருமே. அதில என்ன பிழை?

மேடையில் நடக்கும்போதும், விழாக் கூட்டத்தைப் பொதுவாகக் காட்டும்போதும் ஒவ்வொருவரிடமும் கேட்க முடியாது, அது சரி. ஆனால் ஒருவரை மட்டும் தெரிந்தெடுத்து, அவருக்குத் தெரியாமல் லென்ஸை நீட்டுவது வேறு. அவர் குனியும்போது, உடுப்பைச் சரிசெய்யும்போது, படியில் ஏறும்போது கீழேயிருந்து எடுத்த படங்களை 'இயல்பு' என்று சொல்லாதீர்கள். வேடம் போட்டதால் யாரும் தன் உடம்பைப் பார்க்கவும் தொடவும் அனுமதி கொடுத்ததாக ஆகாது. நியூயோர்க் கொமிக் கொன்னில் 2014இலேயே இதைப் பெரிய பலகைகளில் எழுதி வாசலில் வைத்தார்கள். அங்கேயும் தொல்லை இருந்தபடியால்தான் பலகை தேவைப்பட்டது.

இயல்பான படம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. முதலில் கேட்டு, நின்ற படம் இரண்டு எடுத்து, திரையில் காட்டுங்கள். பிறகு 'நீங்க கதைச்சுக்கொண்டு இருங்க, நான் பக்கத்தில நிண்டு எடுக்கிறன்' என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் உங்களை மறந்துவிடுவார். அந்தச் சிரிப்பு, சூமில் களவாக எடுத்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

ஓம் எண்டு சொல்லித்தான் எடுத்தன். பிறகு பேஸ்புக்ல போடுறதுக்கும் கேட்கணுமா?

கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இதை வாசியுங்கள். 'எடுக்கலாமா?' ஒரு கேள்வி. 'இது எங்கே போகலாம்?' இன்னொரு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த ஓம் இரண்டாவதற்குச் செல்லாது.

கொழும்புப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். எங்கள் ஊர்களில் அப்படி இல்லை. ஆரையம்பதியிலும் காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் ஒருவரை ஒருவர் தெரியாத வீடு குறைவு. நீங்கள் மத்தியானம் போட்ட படம் பின்னேரம் மாமியின் வட்ஸ்அப்பில் வந்து நிற்கும். அந்தப் பிள்ளை வீட்டில் 'கண்காட்சி பார்க்கப் போகிறேன்' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். வாப்பாவுக்குத் தெரியும், பெரியப்பாவுக்குத் தெரியாது என்றும் இருக்கலாம். வகுப்பு எடுக்கிற ஆசிரியையாக, வங்கியில் வேலை செய்கிறவராக இருக்கலாம். நியாயமா இல்லையா என்பது வேறு கதை. அந்தப் படத்தின் விளைவோடு வீட்டுக்குள் இருக்கப் போகிறவர் நீங்கள் இல்லை, அவர்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். படம் எடுத்த உடனே போனை நீட்டி, 'போடலாமா? பேர் போடலாமா? டேக் பண்ணலாமா?' என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பலர் கொஸ்பிளேக்கென்றே வேறு பெயரில் இன்ஸ்டகிராம் கணக்கு வைத்திருப்பார்கள், அதை மட்டும் போடுங்கள். சொந்தப் பெயர், ஊர், பாடசாலை, வேலையிடம் எதையும் எழுதாதீர்கள். 'முகம் தெரியாமல் போடுங்க' என்றால் முகமூடியோடு நிற்கிற படத்தை, கவசத்தை மட்டும் காட்டுகிற படத்தைப் போடுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் போடாதீர்கள். அவர்கள் சொன்னதைப் படத்தின் இலக்கத்தோடு போனில் குறித்துவையுங்கள், ஊர் வந்து சேரும்போது யார் என்ன சொன்னார் என்பது கட்டாயம் கலங்கிவிடும்.

ஹோலுக்க எடுத்த படமெல்லாம் ஒண்டு மஞ்சளா, ஒண்டு கறுப்பா, கோடு கோடா வருது. கமரா பழுதா?

கமரா நல்லாத்தான் இருக்கிறது, லைட்டுகள்தான் காரணம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் எரியும் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் ஒரு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/500 விநாடியில் வைத்தால் லைட் மங்குகிற நேரத்தில் சில படம் மாட்டும். 1/100 அல்லது 1/50இல் வையுங்கள், நின்று தருகிற ஆளுக்கு 1/100 போதும். கமராவில் ஃபிளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். மேடையின் வண்ண எல்இடிகளின் வேகம் வேறு. அங்கே ஒவ்வொரு வேகமாக மாற்றிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) 1600, 3200 என்று ஏற்றப் பயப்படாதீர்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், கை ஆடி மங்கிய படத்தை முடியாது. தனி ஆளுக்கு எஃப் 2.8, குழுவாக நின்றால் 5.6. எஃப் 1.8இல் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மற்றக் கண்ணும் கவசமும் மங்கியும் போகும். நிறத்துக்கு ரோ கோப்பாக (கமரா சுருக்காத மூலக் கோப்பாக) எடுங்கள், இல்லையென்றால் நீல விக் பச்சையாகும். பிளாஷை மேலே திருப்பி அடிக்கும் பழக்கம் வீட்டுக்குச் சரி. பெரிய ஹோலின் கூரை உயரமாகவும் கறுப்பாகவும் இருக்கும், வெளிச்சம் திரும்பி வராது. ஒரு அடி அகல ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) துண்டை நண்பர் ஒருவர் பக்கவாட்டில் பிடிக்க, அதில் அடித்துத் திருப்புங்கள்.

பின்னால ஒரே சனமும் கடைப் போர்டும். என்ன செய்யலாம்?

ஆளைச் சுவரிலிருந்து நாலைந்து மீற்றர் முன்னே கொண்டுவாருங்கள். கீழே முழங்காலிட்டு எடுத்தால் தலைகள் மறைந்து கூரை பின்னணியாகும், வீரப் பாத்திரத்துக்கு அது பொருந்தும். பாவாடை உடுத்தவருக்கு முழங்காலிட்டு எடுக்காதீர்கள். வாசல், படிக்கட்டு, கண்ணாடிச் சுவர்ப் பக்கம் வெளிச்சமும் நன்றாக இருக்கும், சனமும் குறைவு. ஆனால் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க எண்டு கேட்கிறாங்க. கேட்காதவங்களுக்கும் ஸ்டூடியோவில செய்யிற மாதிரி நானே செய்யலாமா?

கேட்காதவருக்குச் செய்யாதீர்கள். கல்யாண வீட்டு அல்பங்களில் எல்லாப் பெண்களும் ஒரே மாவு நிறத்தில் வருகிற பழக்கத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஜப்பானிய பாத்திரத்தை எங்கள் நிறத்தில் ஒருவர் போடுவதில் எந்தக் குறையும் இல்லை. அந்தத் தைரியத்தோடு வந்தவருக்கு, 'உன்ட நிறம் சரியில்லை' என்று படத்தால் சொல்லிவிடாதீர்கள்.

பெரும்பாலும் பிரச்சினை நிறத்தில் இல்லை, வெளிச்சத்தில். வெள்ளை விக், வெள்ளிக் கவசம் இருந்தால் கமரா எல்லாம் வெளிச்சமாக இருக்கிறதென்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும், முகம் கறுத்துப்போகும். வெளிச்ச அளவை முகத்தில் எடுத்து, அரை முதல் ஒரு ஸ்டொப் வரை (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டி எடுங்கள். ரெஜிபோமால் முகத்துக்கு வெளிச்சம் கொடுங்கள், கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி விழட்டும். அப்படி எடுத்துக் காட்டினால், வெள்ளையாக்கச் சொன்னவர்களும் அனேகமாக அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள். பரு, விக்கின் ஓரம், பசை வழிந்த இடம் இவற்றைத் துடைப்பது நல்ல வேலை, அதைச் செய்யுங்கள்.

நான் அக்கரைப்பற்று. என்ட தங்கச்சி ஹிஜாபோட கொஸ்பிளே செய்றா. உம்மாவும் ஓம் எண்டுட்டா. அவவ எடுக்கேக்க என்ன கவனிக்கணும்?

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஹிஜாப் கொஸ்பிளே நன்றாக வளர்ந்திருக்கிறது. பாத்திரத்தின் முடி நிறத்திலேயே துணி எடுத்து, மடிப்பையும் அடுக்கையும் முடி மாதிரியே அமைக்கிறார்கள். அந்த மடிப்புத்தான் அவருடைய கைவேலை. ஆகவே வெளிச்சத்தை முன்னாலிருந்து நேரே அடிக்காமல் ஒரு பக்கத்திலிருந்து கொடுங்கள், மடிப்புகள் தெரியும். கடற்கரையில் எடுத்தால் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்துங்கள், முதுகுப் பக்கக் காற்று துணியைத் தூக்கும்.

துணி விலகினால் கமராக்காரர் கையால் தொட வேண்டாம். தொடாமல் இருப்பது எல்லாக் கொஸ்பிளேயருக்கும் உள்ள விதிதான், இங்கே இன்னும் கண்டிப்பு. சொல்லுங்கள், அவரே சரிசெய்வார், அல்லது கூட வந்த பெண் செய்வார். முடி, கழுத்து தெரிந்த படத்தை அவர் கேட்க முதலே அழித்துவிட்டு, அழித்ததைக் காட்டுங்கள். சிலர் பெண் ஒருவர்தான் எடுக்க வேண்டும் என்று விரும்பலாம், அதில் மனம் நோக ஒன்றுமில்லை. உம்மா ஓம் என்றதும்கூட எதற்கு ஓம் என்றார் என்பதை, மேலே பேஸ்புக் கேள்வியில் சொன்ன மாதிரி, ஒருதரம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் வேடத்தில வாறாங்க. அவங்கள எடுக்கலாமா?

தாய் தகப்பனிடம் கேட்டு, அவர்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். படத்தைப் பெற்றோருக்கு அனுப்புங்கள். பொதுவில் போடாமல் இருப்பதே என் வழக்கம், பெற்றோர் சம்மதித்தாலும்கூட. பதினைந்து பதினாறு வயதுக்காரர் 'நான் பெரிய ஆள்' என்பார்கள். அவர்களுக்கும் இதே விதி.

விழாவில அவசரம். ஊருக்கு வந்து ஆறுதலா எடுக்கலாமா? எந்த இடம் நல்லம்?

அதுதான் நான் மிகவும் விரும்புகிற வேலை. கிழக்கில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. கல்லடிக் கடற்கரையிலோ திருக்கோவிலிலோ காலை ஆறு மணிக்கு நின்றால் சனமும் இல்லை, வெளிச்சமும் பட்டுப்போல. பின்னேரம் என்றால் வாவிப் பக்கம் போங்கள். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் இயந்திரம், எதிர்காலம், போர் என்று எந்தக் கதைக்கும் பின்னணியாகும். 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு வாகன நெரிசலும் பழைய பாலத்தை விட்டுவிட்டது. பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் எழுந்தது. வெள்ளைத் தூண், வாவி, கண்டல் மரங்கள், வேறென்ன வேண்டும்? நீரோடு சம்பந்தப்பட்ட பாத்திரத்துக்குப் பாசிக்குடா, நெடுந்தூரம் முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கலாம். அம்பாறைப் பக்கம் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தின் கரையும் மலையும் மந்திரவாதி, டிராகன் கதைகளுக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும்.

காலை எட்டு மணிக்குப் பிறகு பின்னேரம் நாலு மணிவரை வெளியில் எடுக்காதீர்கள். விக்குக்குள் தலை வேகும், மேக்கப் வழியும், கவசத்தின் பசை விடும். தண்ணீர், குடை, சேப்டி பின், சுப்பர் குளூ எப்போதும் பையில் இருக்கட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி, நாள் குறித்தாலும் இரண்டாவது நாள் ஒன்றையும் சேர்த்துக் குறியுங்கள். ஏசி அறையிலிருந்து கமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும், பையைத் திறக்காமல் கால் மணிநேரம் வெளியே வையுங்கள்.

கோட்டைக்குள்ளும் தொல்பொருள் இடங்களிலும் அனுமதி கேட்காமல் தொடங்காதீர்கள். கோவில், பள்ளிவாசல், விகாரை வளவுக்குள் வேடத்தோடு போகவே வேண்டாம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், சிலையை அவமதிக்கும் விதமாகப் படம் எடுத்ததற்காக இந்த நாட்டில் ஆட்களைக் கைது செய்திருக்கிறார்கள். இராணுவ முகாம், பொலிஸ் காவலரண் பின்னணியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்கிறவர்களின் தோணியில் ஏற்றி எடுக்க ஆசைப்பட்டால் தோணிக்காரரைக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் மறுத்தவர் குறைவு, வலையையும் எடுத்துத் தந்து உதவியவர்களே கூட.

சென்னைக்கும் போக ஆசை. அங்க என்ன வித்தியாசம்?

சென்னையில் கொமிக் கொன் முதன்முதலாக 2024 பெப்ரவரியில், விமான நிலையத்துக்குக் கிட்ட உள்ள நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. தமிழிலேயே கேட்டுப் படம் எடுக்கலாம், அந்தச் சந்தோஷம் தனி. விசா வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து மட்டுமல்ல, யாழ்ப்பாணம் பலாலியிலிருந்தும் சென்னைக்கு விமானம் போகிறது.

விமானத்தில் மேலதிகப் பற்றரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொன்றும் 100 வோட்-மணிக்குள் (Wh) இருக்க வேண்டும். வாள், துவக்கு மாதிரிச் சாமான் கைப்பையில் கூடாது. பெரிய பெட்டியில் போடுவதையும் விமான நிறுவனத்திடம் முதலே கேளுங்கள். சுற்றுலா விசாவில் போய்க் காசுக்குப் படம் எடுக்காதீர்கள்.

படத்தை எப்ப, எப்பிடிக் குடுக்கிறது? வட்ஸ்அப்ல அனுப்பினா மங்கிப் போகுது.

வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். 'டொகுமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவில் போட்டு அவருக்கு மட்டும் திறக்கும்படி இணைப்பைக் கொடுங்கள். எல்லாரும் திறக்கும் இணைப்பைக் குழுவில் போட்டால், போடலாமா என்று கேட்டதெல்லாம் வீண். ஒரு கிழமைக்குள் ஐந்து படமாவது கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து வரும் இருநூறு படத்தைவிட, விழாவின் சூடு ஆறாமல் வரும் ஐந்து படம் அவருக்குப் பெரிசு.

காசு கேட்கலாமா?

விழா நடையில் நிறுத்தி எடுத்த படத்துக்குக் கேட்காதீர்கள். அவர் தந்த நேரமும் வேடமும் உங்கள் படமும் அங்கேயே சமன். ஆனால் ஒருவர் தனியாக நாள் குறித்து, இடத்துக்குக் கூப்பிட்டு, திருத்திய படம் இத்தனை வேண்டும் என்றால் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். எத்தனை படம், எப்போது, எவ்வளவு, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதை முதலே எழுதி அனுப்புங்கள். மாணவர்களிடம் நான் போக்குவரத்துச் செலவு மட்டும் வாங்குகிறேன்.

படம் யாருடையது? எடுத்த எனக்கா, வேடம் போட்டவருக்கா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படமும் பாதுகாக்கப்பட்ட படைப்பு, அதன் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு. பாத்திரம் அதை உருவாக்கிய நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் அச்சடித்து விற்பது, விளம்பரத்துக்குக் கொடுப்பது சிக்கல். கடை விளம்பரத்துக்கு யாராவது கேட்டால் வேடம் போட்டவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஆனால் உரிமை எனக்கு என்பதற்காக, அவர் விரும்பாத இடத்தில் போடும் உரிமை எனக்கு வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. படம் போடும்போது இரண்டு பேருடைய பெயரும், அவர் சம்மதித்த பெயரில், வரட்டும். உடுப்பை வேறொருவர் தைத்திருந்தால் அவருடைய பெயரும். மேர்ட்டில் டக்ளஸ் கதையை மேலே சொன்னது அதற்காகவும்தான்.

நான் போட்ட படத்தை ஒருத்தன் எடுத்து, ஏஐயில போட்டு அசிங்கமா மாத்தி அனுப்புறான். அந்தப் பிள்ளை அழுறா. நான் என்ன செய்ய?

முதலில் பிள்ளையிடம் 'இது உன்ட பிழை இல்லை' என்று சொல்லுங்கள், வீட்டாரிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். உங்கள் மூலப் படத்தைத் திகதியோடு காட்டினால் மற்றது பொய் என்று நிறுவலாம், ஆகவே மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வந்த செய்தி, கணக்கின் இணைப்பு, இலக்கம், நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அந்தப் படத்தைச் 'சாட்சிக்கு' என்றுகூட வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவனோடு சண்டைக்குப் போனால் கணக்கை மூடிவிட்டு ஓடிவிடுவான்.

பிறகு முறைப்பாடு. பொலிஸின் கணினிக் குற்றப் பிரிவு இருக்கிறது. போலிக் கணக்கு, படம் அகற்றுவதில் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவும் (Sri Lanka CERT) உதவும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையவழித் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. பெண்களுக்கு 1938, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு 1929 இலக்கங்களில் பேசலாம். பெரியவர்களுடைய அந்தரங்கப் படங்களுக்கு ஸ்டொப் என்சிஐஐ என்ற சேவை இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பாமல், உங்கள் போனிலேயே அதன் எண் அடையாளத்தை உருவாக்கி, பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றவற்றில் பரவாமல் தடுக்க உதவுகிறது.

ஒரு வருசத்துக்கு முன்ன ஓம் எண்டு சொன்ன பிள்ளைக்கு இப்ப கல்யாணம் பேசுறாங்க. எல்லாத்தையும் எடுத்துவிடச் சொல்றா. என்ட நல்ல படம் அது. எடுக்கத்தான் வேணுமா?

எடுத்துவிடுங்கள், அன்றைக்கே. அன்றைய ஓம் அன்றைய வாழ்க்கைக்குச் சொன்னது. எனக்கும் சில படங்களை இறக்க மனம் கனத்திருக்கிறது, இறக்கியிருக்கிறேன். 'ஏன்' என்று கேட்காதீர்கள், 'மாப்பிள்ளை வீட்டார் அப்படியா?' என்று ஆராயாதீர்கள்.

இன்ஸ்டகிராமில் ஆர்கைவ் செய்தால் உங்களிடம் இருக்கும், வெளியே தெரியாது. ஆனால் அவருக்கு எது நிம்மதி என்று கேட்டு, முழுதாக அழிக்கச் சொன்னால் அழியுங்கள். பேஸ்புக் அல்பம், ஸ்டோரித் தொகுப்பு (ஹைலைட்ஸ்), வட்ஸ்அப் குழு, டிரைவ் இணைப்பு எல்லாவற்றையும் தேடுங்கள், மற்றவர்கள் பகிர்ந்திருந்தால் நீங்களே அவர்களுக்கு எழுதுங்கள். குழுப் படத்தில் அவர் நின்றால், மற்றவர்களிடம் சொல்லிவிட்டு அவரை வெட்டிய பிரதியைப் போடுங்கள், வெட்ட முடியாத இடத்தில் நின்றால் அதுவும் இறங்கட்டும். மூலக் கோப்பு உங்கள் வன்தட்டில் இருக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். பிறகு ஒருநாள் அவரே கேட்டால் கொடுக்க இருக்கும் என்று சொன்னால், வைத்திருக்கச் சொல்கிறவர்களும் உண்டு.